பிரதீபாவின் முகத்தைச் சரிசெய்தது யார்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு பெண்கள் மாத இதழின் ஆசிரியர் சுஷ்மா என்னிடம் கேட்டது கட்டுரை. பருவம் மாறும்போது சருமப் பராமரிப்பை எப்படி மாற்றிக்கொள்வது, எண்ணூறு வார்த்தை, கூடவே ஏழெட்டுக் குறிப்புகள்.

"நீங்க பாலக்காடுதானே, அங்க காத்து பயங்கரமா அடிக்குமாமே!" என்றார் போனில்.

காற்றடிக்கும் ஊரில் இருப்பவளுக்குத் தோலைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பியது அவருடைய நல்ல மனது. சரி என்று சொன்னது என்னுடைய கெட்ட பழக்கம்.

உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

பருவம் மாறும்போது நம் சருமம் நம்மிடம் மெல்லிய குரலில்

அதோடு நிறுத்திவிட்டேன். தோலுக்கு ஏது குரல்? போதாததற்கு, 'சருமம்' என்று யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்படி எழுதினாலே பக்கத்தில் ஒரு ரோஜாப்பூப் படம் போட வேண்டும்போல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தோல் என்பார்கள், மூஞ்சி என்பார்கள். கோபம் வந்தால் மொகரை என்பார்கள்.

பருவம், தோல் இரண்டையும் சேர்த்து எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். போன கார்த்திகையில் வேலந்தாவளத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு நேர்ந்தது. அதையே எழுதிவிடுகிறேன். குறிப்புகள் நடுவில் வரும், சுஷ்மா. பதற வேண்டாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மலைத்தொடர் விட்டுக்கொடுத்த அந்த ஒரே இடைவெளியில், கிழக்கிலிருந்து புறப்பட்டு வரும் காற்றானது

(வேண்டாம். 'காற்றானது' என்று எழுதுகிறவள் அடுத்த பத்தியில் மழைப்பொழிவின் அளவைச் சொல்லிவிடுவாள்.)

இரண்டாவது முயற்சி:

பெர்சி அழுதாள்.

(நல்ல வரிதான். ஆனால் பெர்சி யார் என்று தெரியாமல் அவள் அழுகைக்கு நீங்கள் எப்படி வருத்தப்படுவீர்கள்? கொஞ்சம் பொறுங்கள், அழுவாள்.)

மூன்றாவது முயற்சி, நேராக:

நான் குடியிருப்பது கல்பாத்தி. வேலை வேலந்தாவளத்தில், ஒரு வங்கிக் கிளையில். வாரத்தில் ஒருநாள் மாட்டுச் சந்தை கூடும் ஊர். அன்றைக்கு வங்கிக்குள் மனிதர்கள் பேசுவதைவிட வெளியே மாடுகள் பேசுவது நன்றாகக் கேட்கும். எங்களுக்கு எதிரே மாட்டுத் தீவனக் கடை. அதன் மாடியில் பெர்சியின் பியூட்டி பார்லர். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். தீவனக் கடைக்கு மேலே இருக்கும் ஒரே பார்லர் என்று சொன்ன பிறகு பெயரை மாற்றி என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.)

பெர்சிக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் இடுக்கியில் சித்திரபுரம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சித்தி வீடு இங்கே இருந்ததால் குடும்பம் இறங்கி வந்தது. தொழில் படித்தவள் பெர்சி ஒருத்திதான் என்பதால் அவளுடைய பார்லரை நம்பித்தான் வீடு. வந்து இறங்கியது ஜூன் மாதம். இதைக் கவனியுங்கள். அவளுக்குத் தெரிந்தது மழைக்கால வேலந்தாவளம் மட்டும்தான். அவள் பிறந்த மலையிலோ வருஷத்தில் பாதி நாள் துணி காயாது. முகம் காய்ந்துபோகும் என்பதை அவள் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாள், கண்ணால் பார்த்ததில்லை.

பிரதீபாவுக்கு இருபத்தேழு. பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பாலைச் சோதித்து எழுதும் வேலை. வீட்டில் தென்னந்தோப்பும் நான்கு மாடுகளும் மருதாத்தாள் என்ற அம்மாவும் உண்டு. கார்த்திகைக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோபிநாத், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார்.

கல்யாண மேக்கப்புக்குப் பெர்சியைப் பேசியிருந்தார்கள். வேலந்தாவளத்தில் அவளுடைய முதல் மணப்பெண். ஐப்பசி மழையில் பிரதீபாவின் முகம் எண்ணெய் வழிந்து, நெற்றி முழுக்கப் பரு. பெர்சி மும்முரமாக இறங்கினாள். ஒருநாளைக்கு மூன்று தடவை நுரை வரும் ஃபேஸ்வாஷ், ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்க்ரப், ராத்திரி தண்ணீர்போல ஒரு ஜெல். மூன்றே வாரத்தில் பரு போயிற்று. முகம் பளிங்காயிற்று. சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்த பெண்கள் பாலைவிட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்கள்.

"கல்யாணம் வரைக்கும் இதையே விடாம செய்யி, என்ன? ஒரு நாளு கூட விட்றாத" என்றாள் பெர்சி.

இந்தக் கதையில் வில்லன் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு: அந்த வாக்கியம்தான்.

3

கார்த்திகை பிறந்ததும் காற்று திரும்பியது.

எங்கள் வங்கியில் அதன் அறிகுறி இதுதான்: காசாளர் இரும்பு அலமாரியைத் தொட்டுவிட்டு 'ஆ' என்பார், ஷாக் அடிக்கும். ஜன்னல் சாத்தியிருந்தாலும் காகிதம் பறக்கும். சிரிக்கும்போது உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிப்போம். நாங்கள் பழகியவர்கள், தேங்காயெண்ணெயைக் கைப்பையிலேயே வைத்திருப்போம்.

பிரதீபாவும் இந்த ஊர்க்காரிதான். மற்ற வருஷமாக இருந்தால் அவளும் எண்ணெய்தான் தடவியிருப்பாள். ஆனால் இந்த வருஷம் அவள் ஒருவரின் பேச்சைக் கேட்கிறவள். எண்ணெய் கூடாது என்று பெர்சி சொல்லியிருந்தாள். மூன்று வேளையும் நுரை போட்டுக் கழுவினாள். முகம் இழுத்தது. பிறகு எரிந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் செதில் செதிலாக உரிந்தது. உரிவதைப் பார்த்துப் பயந்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்ததில் இன்னும் உரிந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, கொட்டாவி விட்டால் ரத்தம்.

மறுநாள் மதியம் நான் பெர்சியின் நாற்காலியில் இருந்தேன். இடது புருவம் முடிந்திருந்தது, வலது புருவம் பாக்கி. படியில் தடதடவென்று சத்தம். முன்னால் மருதாத்தாள், பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பிரதீபா.

"ஏம்மிணி, நீ என்ன பண்ணிப்போட்டே? என்ற புள்ள மூஞ்சியப் பாரு! அம்மி கொத்துன மாதிரி ஆயிப்போச்சு!"

துப்பட்டாவை அவரே இழுத்தார். பெர்சியின் வாயிலிருந்து நூல் நழுவி என் மடியில் விழுந்தது.

"எப்ப... எப்பருந்து இப்படி?" என்றாள்.

"காத்து வந்ததுலருந்துங்க" என்றாள் பிரதீபா, உதட்டை அசைக்காமல். "நீங்க விடாமச் செய்யச் சொன்னீங்களே. ஒரு நாளுங்கூட விடலீங்கக்கா."

பெர்சி எதிர்த்துப் பேசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கிரீம் கம்பெனியைக் குறை சொல்லலாம், காற்றைக் குறை சொல்லலாம், 'நீ என்ன சாப்பிட்டாய்' என்று கேட்கலாம். தொழில் தெரிந்தவர்களிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

"தப்பு என்னுதுதாம்மா" என்றாள் மருதாத்தாளிடம். "மழைக்கு உள்ளத காத்துக்கும் சொல்லிட்டேன். எங்க ஊர்ல இப்படி ஒரு காத்த நான் பாத்ததே கெடையாது. எனக்குத் தெரியாமப் போச்சு."

அதற்கு மருதாத்தாளும் தயாராக இல்லை. சண்டைக்கு வந்தவரிடம் ஆமாம் என்று சொன்னால் அவர் என்னதான் செய்வார்? துப்பட்டாவை மகளின் தோளில் திரும்பப் போட்டார்.

"கண்ணாலத்துக்கு இன்னும் ஒம்போது நாளு. அதுக்குள்ள பழைய மூஞ்சி வரோணும். வராட்டி இந்த ஊருல ஒரு பொண்ணு உன்ற படியேற மாட்டா. நாஞ் சொல்லவே வேண்டாம், சொசைட்டிக்கு வாரவிகளே பாத்துட்டுப் போவாங்க."

(மருதாத்தாளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்: நான் அவரைக் கொடுமைக்காரியாக எழுதுகிறேனோ? இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படி இறங்கும்போது திரும்பி வந்து, "அழுவாத அம்மிணி, சோறு உண்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மிரட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.)

ஆம், பெர்சி அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே என் வலது புருவத்தையும் முடித்தாள். அந்த மாதம் முழுவதும் என் முகத்தின் வலப்பக்கம் எதற்கோ ஆச்சரியப்பட்டபடியே இருந்தது.

4

சுஷ்மா, நீங்கள் கேட்ட குறிப்புகள் இதோ. பெர்சி ஒரு தாளில் எழுதி அன்று சாயங்காலமே பிரதீபாவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவை:

ஸ்க்ரப்பைத் தூக்கிப் போடு. ஃபேஸ்வாஷும் வேண்டாம், வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். துடைக்கும்போது தேய்க்காதே, ஒத்தி எடு. ஈரம் காய்வதற்குள் கெட்டியான கிரீம். உரிகிற தோலைப் பிய்க்காதே. (இதற்கு மட்டும் மூன்று கோடு.) ஸ்கூட்டரில் போகும்போது முகத்தைத் துணியால் மூடு. வெயில் கிரீமை நிறுத்தாதே, காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் இல்லை என்று ஆகாது.

நல்ல குறிப்புகள். இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை முடிந்திருக்கும். இந்த இடம்வரை படித்துவிட்டு என் கணவர் நாராயண், "குறிப்பு வந்தாச்சோன்னோ, இதோட அனுப்பிடு. பாக்கியெல்லாம் ஊர் வம்பாக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. பாக்கியெல்லாம் ஊர் வம்புதான். எனவே தொடர்கிறேன்.

பிரதீபா இரண்டு நாள் அந்தத் தாளின்படி நடந்தாள். எரிச்சல் நிற்கவில்லை. வெடித்த இடத்தில் அந்தக் கெட்டி கிரீம்கூடக் காந்தியது. சொசைட்டியில் "ஏனுங்கம்மிணி, மூஞ்சிக்கு என்னாச்சு?" என்று காலையில் அறுபது பேர், மாலையில் அறுபது பேர். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் தொழுவத்தில் சுந்தரி என்ற மாட்டிடம் பால் கறக்க உட்கார்ந்தாள். காற்றுக் காலத்தில் மாட்டுக்கும் மடிக்காம்பு வெடிக்கும். அதற்கென்று ஒரு களிம்பு டப்பா எப்போதும் தொழுவத்து மாடத்தில் இருக்கும். கறந்து முடித்ததும் காம்புகளில் களிம்பைத் தடவினாள். தடவிய பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

ஊரெல்லாம் கை வெடித்துக் கிடக்கிறது. இவள் விரல் மட்டும் பூனைக்குட்டிக் காதுபோல இருக்கிறது.

வாயோரத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. மூக்கோரத்தில் வைத்தாள். எரியவில்லை. பிறகு முகம் முழுக்க.

"எப்படி பிரதீபா தைரியம் வந்துச்சு?" என்று பின்னால் நான் கேட்டேன்.

"சுந்தரிக்கு எரியலீங்கக்கா. எரிஞ்சிருந்தா ஒதைச்சிருக்குமில்லீங்?"

(இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். டப்பாவின் மேல் 'கால்நடைகளுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உங்கள் முகம் கால்நடையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.)

5

இங்கே கோபிநாத் வர வேண்டும். பிந்திவிட்டார். நல்ல கதாசிரியராக இருந்தால் மாப்பிள்ளையை மூன்றாம் பகுதியிலேயே கொண்டு வந்திருப்பார்.

தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இருவரும். முகம் உரிய ஆரம்பித்ததிலிருந்து பிரதீபா கேமராவை அணைத்துவிட்டாள். வாயோரம் வலித்ததால் பேச்சும் 'ம்', 'இல்லீங்' என்று சுருங்கியது. ஆறு நாள் இப்படிப் போனது. கோபிநாத்தின் இடத்தில் இருந்து பாருங்கள். கல்யாணத்துக்கு ஐந்து நாள். பெண் முகத்தைக் காட்ட மறுக்கிறாள், பேச மறுக்கிறாள். வாத்தியார் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கோபிநாத் வாசலில் நின்றபோது சூரிய ஒளி அவன் தோள்களில்

(இல்லை. அவர் தலைமுடி காற்றில் ஒரு பக்கமாக நிமிர்ந்து நின்றது. கண்ணெல்லாம் புழுதி. அப்படியே விடுகிறேன்.)

மருதாத்தாள் தோப்பில் இருந்தார். பால் கறக்கும் சத்தம் வந்த பக்கம் கோபிநாத் போனார். தொழுவம். சுந்தரிக்கு அந்தப் பக்கம் பிரதீபா. அவரைப் பார்த்ததும் சட்டென்று மாட்டின் பின்னால் குனிந்துகொண்டாள்.

அவர் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பிரதீபா. இந்தக் கண்ணாலத்துல உனக்கு இஷ்டமில்லியா? இல்லீன்னா சொல்லிரு. நானே எங்கூட்டுல பேசிக்கறேன். உன்மேல பழி வராது."

சுந்தரி வாலை வீசியது.

"ஆறு நாளா மூஞ்சி காட்டல. வேற எப்படி நெனைக்கறது?"

பிரதீபா எழுந்து நின்றாள். முகம் முழுக்கக் களிம்பு மினுங்கியது. அடியில் சிவப்பும் செதிலும்.

"இதுக்குத்தானுங்க காட்டல" என்றாள். "காத்துல உரிஞ்சு போச்சு. நீங்க பாத்துட்டு வேண்டாம்னுடுவீங்களோன்னு நெனச்சனுங்."

கோபிநாத் அவளைப் பார்த்தார். ஆறு நாளாகத் தூங்காத மனுஷன். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த உடனே 'ஸ்ஸ்' என்று வாயைப் பொத்திக்கொண்டார். கீழுதடு நடுவில் வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. இத்தனை தூரம் காற்றுக்கு எதிரே பைக்கில் வந்தவரின் உதடு.

"சித்த நில்லுங்க" என்றாள் பிரதீபா. டப்பாவில் விரலைத் தோய்த்து, மாட்டைச் சுற்றி வந்து, அவர் உதட்டில் வைத்தாள்.

(இந்த இடத்தை மூன்று தடவை எழுதி அடித்தேன். ஒன்றில் காற்று நின்றது. ஒன்றில் அவள் கண்ணில் நீர். உண்மையில் நடந்தது கீழே உள்ளது.)

"நல்லாருக்குது. எரியவே இல்ல. என்ன மருந்து இது? வேப்பெண்ணெய் வாசமடிக்குது."

"சுந்தரிக்குப் போடறதுங்க."

"சுந்தரி ஆரு?"

"உங்களுக்குப் பொறத்தால நிக்கறா."

கோபிநாத் திரும்பிப் பார்த்தார். சுந்தரியும் பார்த்தது. உதட்டைத் துடைக்கக் கை போனது. பாதி வழியில் நின்றது. துடைக்காமல் கையைக் கீழே விட்டார். அதைப் பார்த்த பிறகுதான் தனக்கு இந்தக் கல்யாணத்தில் பயம் போனது என்று பிரதீபா என்னிடம் சொன்னாள்.

6

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். கிழக்குக் காற்று அடங்கியது. வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. முகூர்த்தத்தன்று பிரதீபாவின் முகம் தெளிந்துவிட்டது. மூக்கு நுனியில் மட்டும் ஒரு சின்னச் செதில், பெர்சி மேக்கப்பில் அதை மறைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் பெர்சியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். மருதாத்தாளே அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் உட்காரவைத்து, பாயசம் ஊற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்றார்.

ஆக, முகத்தைச் சரிசெய்தது யார்? பெர்சியின் தாளா, சுந்தரியின் டப்பாவா, கடலில் சுழன்ற அந்தத் தாழ்வு மண்டலமா? என்னைக் கேட்காதீர்கள். நான் வங்கி ஊழியர்.

விஷயம் இதோடு முடியவில்லை. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பிரதீபா வங்கிக்கு வந்தாள். தொழுவத்துக் கதை முழுவதையும் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"பெர்சியக்காகிட்டச் சொல்லீராதீங்கக்கா. பாவம், அன்னைக்கு எப்படி அழுதாங்க. அவங்க எழுதிக் குடுத்ததாலதான் சரியாச்சுன்னு நெனச்சுட்டிருக்காங்க. இப்பத்தான் தலை நிமிந்து நடக்கறாங்க. மாட்டுக் களிம்புன்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாங்க."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அதற்கடுத்த வாரம் நான் பெர்சியிடம் போனேன். புருவம் வளர்ந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன், யார்ட்டயும் சொல்லக் கூடாது. கல்யாணத்தன்னிக்குக் காலைல மேக்கப் போட அந்தப் புள்ள மூஞ்சில கைய வச்சேன்லா? வேப்பெண்ணெய் வாசம் குப்புனு அடிச்சிச்சு. நம்ம கிரீம்ல வேப்பெண்ணெயே கெடையாது. கீழ தீவனக் கடையில தெனமும் அடிக்கிற வாசம் எனக்குத் தெரியாதாக்கா? மாட்டுக் களிம்பு!"

"கேட்டியா அவகிட்ட?"

"எப்படிக் கேக்க? கல்யாணப் பொண்ணு. மாட்டு மருந்தப் பூசிட்டேன்னு சொல்ல வெட்கப்பட மாட்டாளா? எல்லாம் என்னாலதான். தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அவட்ட நீங்க சொல்லிறக் கூடாது, என்ன?"

சொல்லமாட்டேன் என்று இவளுக்கும் சத்தியம் செய்தேன். இரண்டு சத்தியங்களும் ஒன்றையொன்று முட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் வாயைத் திறக்காதவரை இரண்டும் பத்திரம். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

7

முடிவு. மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் உண்மை வெளிவந்து இருவரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். ஒன்றில் பெர்சி அந்தக் களிம்பையே சின்ன டப்பாவில் அடைத்து 'ரகசிய மணப்பெண் கிரீம்' என்று ஒட்டுகிறாள். மற்றொன்றில் நான் நல்லவளாக நடந்துகொண்டு இந்தக் கதையைக் கிழித்துப் போடுகிறேன். மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றாவதை மிகச் சீக்கிரமாக.

அதற்குப் பதில், தை மாதத்தில் ஒரு மதியம். காற்று மறுபடியும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் பெர்சியின் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். என் உதட்டில் தேனும் வெண்ணெயும் குழைத்துத் தடவியிருந்தாள். பத்து நிமிஷம் பேசக் கூடாது, சிரிக்கவே கூடாது, வெடித்துவிடும் என்று உத்தரவு.

படியில் செருப்புச் சத்தம். பிரதீபா. தாலிக்கொடி, புதுச் சேலை, வெண்ணெய்போல முகம்.

"வா வா!" என்றாள் பெர்சி. முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். "நல்லாருக்கே! நான் சொன்ன கிரீமயே விடாம போடுறியா?"

"விடாமப் போடறனுங்கக்கா" என்றாள் பிரதீபா, கண்ணிமைக்காமல்.

"நல்ல வாசமா இருக்கும்லா அது?"

"நெம்ப வாசமுங்க. எங்கூட்டுக்காரருக்கும் புடிச்சிருக்குது. அவரும் உதட்டுல போட்டுக்கறாரு."

"அப்படியா!" என்றாள் பெர்சி. கண்ணாடி வழியாக ஒரு கணம் என்னைப் பார்த்தாள். மறுகணம் பிரதீபா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். இரண்டு பேர் கண்களும் ஒரே விஷயத்தைக் கெஞ்சின.

பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வயிறு குலுங்கியது, உதடு அசையவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். உங்கள் உதட்டில் ஒன்றும் தடவவில்லை. அடுத்தது என்ன என்பதும் இனி உங்கள் கையில்தான். வேலந்தாவளம் ஒன்றும் தூரமில்லை, பாலக்காட்டிலிருந்து பஸ் இருக்கிறது. தீவனக் கடைக்கு மேலே ஏறிப் பெர்சியிடம் சொல்லலாம். சொசைட்டிக்குப் போய்ப் பிரதீபாவிடம் சொல்லலாம். இரண்டு பேருக்கும் சொல்லாமல் ஒரு புருவத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பியும் வரலாம். எதுவானாலும் யார் சொன்னதென்று கேட்டால், என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.